மதில்மேல் சிமென்ட் கட்டி

அது சிமென்ட் கட்டிதான். எங்கள் வீட்டு மதில்மேல், கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு முழம் பைப்புத் துண்டும் அதன் தலையில் ஒரு கட்டியும் வைத்துப் பூசியிருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். அலங்காரமும் இல்லை, பூந்தொட்டி வைக்கிற பீடமும் இல்லை. நீங்கள் கேட்கவில்லை, தெரியும். யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் நான் சொல்லியாக வேண்டும். அப்படி ஒரு தண்டனை எனக்கு.

அதற்கு முன்னால் ஒரு சேதி. எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். இன்றோடு பத்தொன்பது நாள். கொட்டாவி விட்டால் முகம் முழுக்க வாயாகிவிடுகிறது. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய கை இது, ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் பிடிக்கும். அவளைத் தூக்க இரண்டு கையும் போதவில்லை. சரி, இது அவள் கதை இல்லை. ஆனால் அவள் வராமல் இருந்தால் இந்தக் கதை மண்ணுக்கு அடியிலேயே கிடந்திருக்கும்.

கதை பைப்பக்காவுடையது. இன்றைக்கு அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர் ‘சட்டி’. பதினாலு வயதில் தலையில் கலவைச் சட்டி ஏறியது, இறங்க இருபது வருஷம் ஆனது. அந்த இருபது வருஷமும் ஒரே மேஸ்திரியிடம்தான் சித்தாளாக இருந்தாள். எங்கள் தெருவில் பாதி வீடு அந்த மேஸ்திரி கட்டியது. கொத்து வேலை, பைப்பு வேலை எல்லாம் அவரே எடுத்துச் செய்வார். தொண்டை மட்டும் நாலு பேருடையது.

மட்டம் பார்க்க அவர்களிடம் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூப் இருக்கும். உள்ளே தண்ணீர் நிரப்பி ஒரு முனையை ஒருவர், மறுமுனையை ஒருவர் பிடிப்பார்கள். டியூப் எப்படி வளைந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். அதிலிருந்து கீழே அளந்தால் எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று தெரிந்துவிடும். பென்சில் இருக்கிற முனை மேஸ்திரியுடையது. மறுமுனை சட்டியுடையது. இருபது வருஷம் மறுமுனையைப் பிடித்தவளுக்கு, பென்சில் பிடித்தவருக்குத் தெரிந்தது எல்லாம் தெரிந்துபோய்விட்டது. அது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஒரு கழிப்பறை கட்டச் சொன்னேன். அங்கிருந்து கழிவுப் பைப்பு ஹாலுக்கு அடியில் ஓடி, முன்சுவரைத் தாண்டி, கேட்டுக்கு உள்ளே மூடி போட்ட குழியில் விழ வேண்டும். அந்தக் குழிக்குச் சேம்பர் என்று பெயர். இருபத்திரண்டு அடி தூரம். வழி நெடுக வாட்டம் வேண்டும், அதாவது பைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும். எங்கள் முன்சுவருக்கு அடியில் ஒரு கான்கிரீட் பீம் குறுக்கே வந்தது. மேஸ்திரி பீமுக்கு அடியில் தோண்டிப் போயிருக்க வேண்டும். அவருக்கு அன்றைக்கு அடுத்த வீட்டு வேலை அவசரம். பீமுக்கு மேலேயே பைப்பை ஏற்றிவிட்டார்.

“மேஸ்திரி, என் பக்கம் தண்ணி சரியில்ல. பைப்பு மேல ஏறுது” என்றாள் அவள், டியூபைப் பிடித்தபடி.

“சட்டி தூக்குறவ சட்டியத் தூக்கு. வாட்டம் பாக்க நான் இருக்கேன்.”

நான் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சிரித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு மாதத்தில் கழிப்பறை எதிர்த்துக்கொண்டு வந்தது. குபுகுபு என்று கோப்பை நிறைந்து ஹால்வரை ஓடியது. மேஸ்திரியைக் கூப்பிட்டேன். ஒரு சாக்குப் பையோடு வந்தார், அவளும் கூட வந்தாள். சேம்பர் மூடியைத் திறந்ததும் நானும் என் வீட்டுக்காரியும் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவும் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய்விட்டோம். மேஸ்திரி குனிந்து கம்பியை விட்டுக் குடைந்தார். நிமிர்ந்தபோது அவர் கையில் ஒரு பெரிய சிமென்ட் கட்டி.

“பாத்தீங்களா டிரைவரே! பைப்புக்குள்ள கலவையக் கொட்டி வெச்சிருக்கா. எதுக்கு எதிர்த்துட்டு வருதுன்னு கேட்டீங்களே, இதோ!”

அவள் வாயைத் திறந்தாள். நான் பேச விடவில்லை. ஹாலில் ஓடியதையெல்லாம் கழுவித் தள்ளிய கோபம் எனக்கு.

“சோத்துக்கு வேலை செய்யுறியா, இல்ல அடுத்தவன் வீட்டை நாறடிக்க வந்தியா? இனிமே இந்தத் தெருவுல உன் மூஞ்சியப் பாக்கக் கூடாது!”

மேஸ்திரி கட்டியை அவள் காலடியில் போட்டார். “இந்தா, உன் சாமான். எடுத்துட்டுப் போ.”

அவள் குனிந்தாள். கட்டியை எடுத்துச் சட்டியில் போட்டுக்கொண்டு, சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, தெருவின் நடுவில் நடந்து போனாள். மறுநாளிலிருந்து அந்தப் பக்கத்தில் யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. பைப்புக்குள் கலவை கொட்டுகிறவள் என்று மேஸ்திரி போகிற இடமெல்லாம் சொல்லி வைத்தார்.

என் கழிப்பறை சரியானதா? இல்லை. “உள்ள இன்னும் ஒட்டியிருக்கு டிரைவரே. முழுசா எடுக்கணும்னா ஹாலையே உடைக்கணும். எல்லாம் அவ பண்ணின வேலை” என்றார். ஹாலில் அப்போதுதான் புது டைல்ஸ் போட்டிருந்தோம். உடைக்க மனசு வரவில்லை. பத்து நாளைக்கு ஒரு முறை நானே கம்பியை விட்டுக் குத்துவேன். ஒவ்வொரு குத்துக்கும் அவளைக் கரித்துக்கொட்டுவேன். பதினோரு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

இப்போது மகளுக்கு ஆபரேஷன் செய்துதான் பிள்ளை எடுக்க வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்தார். ஆறு வாரம் படி ஏறக் கூடாது. மகளும் மாப்பிள்ளையும் இருப்பது மாடியில். கீழே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கழிப்பறையை நம்பியா? வயிற்றில் தையலோடு வருகிறவள் காலடியில் குபுகுபு என்று வந்தால்? என் வீட்டுக்காரி அழவே ஆரம்பித்துவிட்டாள். நாலு பிளம்பர் வந்து பார்த்தார்கள். நாலு பேரும் ஹாலை உடைக்கணும், இருபது நாள் ஆகும் என்றார்கள். நாலாவது ஆள் போகும்போது சொன்னார்:

“ஹாலைத் தொடாம அஞ்சு நாள்ல முடிக்கணும்னா ஒருத்தங்கதான் இருக்காங்க. பைப்பக்கான்னு கேளுங்க.”

போன் போட்டேன். முகவரியை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்கள். பிறகு, “நாளைக்கு வரேண்ணே” என்றது ஒரு குரல்.

வந்து கேட்டில் நின்றவளைப் பார்த்ததும் நான் வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். அதே ஆள்தான். கொஞ்சம் பருத்திருந்தாள், காதோரம் நரைத்திருந்தது, கையில் துளை போடுகிற மிஷின், தோளில் பை.

“என்னண்ணே, இந்தத் தெருவுல என் மூஞ்சி தெரியுதா?” என்றாள்.

என் வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். “தெரியாமப் பண்ணிட்டோம்மா. பொண்ணு பிள்ளை பெத்து வரப்போறா. நீ மனசு வெச்சாத்தான்.”

“பிள்ளைக்காகத்தான் வந்தேன் அண்ணி. உங்க வீட்டுக்காரருக்காக வரலை.”

உள்ளே வந்து நடந்து பார்த்தாள். படிக்கு அடியில் நின்றாள், ஹாலை அடியெடுத்து அளந்தாள், முன்சுவர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். அங்கே போர்ட்டிகோவின் ஓரத்தில் ஸ்கூட்டரும் பழைய சாமானும் கிடக்கிற சின்ன அறை. அதைக் காட்டினாள்.

“கழிப்பறை இங்க வரும். இங்கிருந்து சேம்பர் ஒன்பதடி. பீம் பின்னால போயிடும், வளைவே கிடையாது. பழைய பைப்பு ஹாலுக்கு அடியில செத்துக் கிடக்கட்டும். இந்த ஜன்னலை உடைச்சுக் கீழ இறக்கி, ஹால்லேர்ந்து கதவு வெச்சுக்கலாம்.”

“ஜன்னல் வேண்டாம்மா, அந்த மூலையில கதவு வெச்சா சோபா போட இடம் இருக்கும்” என்றாள் என் வீட்டுக்காரி.

“ஜன்னல்லதான் அண்ணி. இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க.”

ஏன் இந்தப் பிடிவாதம் என்று எங்களுக்குப் புரியவில்லை.

“கூலி எல்லாருக்கும் வாங்குறதுதான்” என்றாள் என்னிடம். “ஆனா சித்தாள் கிடையாது. அண்ணன்தான் சித்தாள்.”

மறுநாள் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாப்பிள்ளையும் என் வீட்டுக்காரியும் அவளோடு. அன்று மத்தியானம் பேத்தி பிறந்தாள். ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்துவிட்டு வந்து நான் மணல் சலித்தேன். அறுபத்து மூன்று வயதில் தலையில் சட்டி. கழுத்து தோளுக்குள் இறங்கிவிட்டது போல இருந்தது.

“பாதியா நிரப்பும்மா” என்று கெஞ்சினேன்.

“எனக்கு யாரும் பாதியா நிரப்பினதில்லைண்ணே.” ததும்பத் ததும்ப நிரப்பினாள். “கழுத்தை நேரா வெய்யுங்க. பஸ்ஸு ஸ்டியரிங் மாதிரி வளைக்காதீங்க.”

தெருவே வேடிக்கை பார்த்தது. தையல்காரம்மா தையல் மிஷினை வாசலுக்கே தூக்கி வந்துவிட்டார்.

வேலை செய்கிறபோது அவள் கதையையும் சொன்னாள். இங்கே வேலை போனதும் ஊரின் மறுகோடியில் அடைத்த பைப்புகளைத் திறக்கிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்திருக்கிறாள். “கட்டுறவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. அடைப்பு எடுக்குறவங்களுக்குத்தான் எவன் எங்க தப்புப் பண்ணினான்னு தெரியும்.” நாலு வருஷம் மற்றவர்கள் தப்பைப் பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டாள். பிறகு தனியாக எடுத்துச் செய்ய ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் ஒரு குடோனில் காவலாளி. அவர்தான் சமைக்கிறார்.

“அந்தக் கட்டி என்னாச்சு?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“வீட்டுக் கதவுக்கு முட்டு. தினமும் காலையில பெருவிரல்ல இடிக்கும். தூக்கிப் போடு போடுன்னு எங்க வீட்டுக்காரர் கத்துவாரு. இடிக்கட்டும்னு விட்டுட்டேன். இடிச்சாத்தானே மேஸ்திரி ஞாபகம் வரும்? அண்ணன் ஞாபகமும் வரும்.”

“மறக்கவே இல்லையா?”

“நீங்க பத்து நாளைக்கு ஒரு தடவை என்னைத் திட்டினீங்களாமே, அண்ணி சொன்னாங்க. நான் தினம்.”

மூன்றாம் நாள் காலையில் படிக்கு அடியில் இருந்த பழைய கோப்பையைக் கழற்றினாள். பிறகு முன்சுவர் ஜன்னலுக்குக் கீழே உடைத்தாள். தரைக்குக் கொஞ்சம் கீழே போனதும் பீம் தெரிந்தது. பீமின்மேல், குதிரைமேல் ஏறின மாதிரி, என் கழிவுப் பைப்பு உட்கார்ந்திருந்தது. எனக்கே புரிந்துவிட்டது. ஜன்னலில்தான் கதவு என்று அவள் ஏன் அடம் பிடித்தாள் என்பதும் புரிந்தது.

அவள் உளியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். “இப்ப மேஸ்திரிக்குப் போன் போடுங்க.”

“என்னன்னு சொல்றது?”

“அந்தச் சட்டிதான் இப்ப எங்க வீட்டுல பைப்பு போடுறா, வாட்டம் தப்பாப் போடுற மாதிரி இருக்கு, நீங்க வந்து நாலு வார்த்தை சொன்னா நல்லதுன்னு சொல்லுங்க. ஓடி வருவாரு.”

சொன்னேன். பத்தே நிமிஷத்தில் வெள்ளைச் சட்டையோடு பைக்கில் வந்து இறங்கினார். கேட்டிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்.

“நான் அன்னைக்கே சொன்னேன்ல டிரைவரே! யாரை எங்க வெக்கணுமோ அங்க வெக்கணும். சட்டி தூக்குறவளுக்கு…”

“வாங்க மேஸ்திரி” என்றாள் அவள், ரொம்பப் பணிவாக. “மட்டம் புரியலை. இந்த டியூப் முனையக் கொஞ்சம் புடிங்க.”

பழக்கதோஷம், கையை நீட்டி வாங்கிவிட்டார். மறுமுனை. அவள் கையில் பென்சில் முனை. அவரைப் படிக்கு அடியில், கோப்பை கழற்றின ஓட்டைக்குப் பக்கத்தில் குந்த வைத்தாள். அவள் பீம் பக்கத்தில் குந்தினாள். தையல்காரம்மாவை ஹாலுக்குள் கூப்பிட்டு நாற்காலி போட்டாள். வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

“உங்க பக்கம் தண்ணிக்கும் பைப்புக்கும் நடுவுல எத்தனை விரல் மேஸ்திரி?”

“பதினொண்ணு.”

“என் பக்கம் ஏழு. அப்ப எந்தப் பக்கம் பைப்பு உசரம்?”

மேஸ்திரி டியூபைத் தட்டிப் பார்த்தார். ஓட்டையின் நாற்றத்தில் மூக்கைச் சுளித்தார்.

“கேக்குதா மேஸ்திரி? கழிவு உங்க பக்கத்துலேர்ந்து என் பக்கம் வரணும். நாலு விரல் மலை ஏறி வரணுமா?”

“பதினோரு வருஷம் ஆச்சு. மண்ணு எறங்கியிருக்கும்.”

“பைப்பு பீம் மேல உக்காந்திருக்கு. பீமுக்கு மேல வெச்சது மண்ணா, நீங்களா?”

மேஸ்திரி எழுந்தார். முழங்காலில் ஈரம். “சரிம்மா, ஒரு சின்னத் தப்பு நடந்திருக்கலாம். ஆனா உள்ள கலவை இருந்தது நிஜம்தானே? நான்தானே என் கையால எடுத்தேன்?”

அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். பீமின்மேல் இருந்த பைப்பில் ஒரு முழம் அறுத்தாள், குழாயடியில் கழுவினாள். பையிலிருந்து அந்தக் கட்டியை எடுத்தாள். பதினோரு வருஷம் கதவு உரசி ஒரு பக்கம் வழவழ என்று இருந்தது. இரண்டையும் அவர் கையில் கொடுத்தாள்.

“இதுக்குள்ளேர்ந்துதானே எடுத்தீங்க? திரும்ப உள்ள போடுங்க, பாக்கலாம்.”

மேஸ்திரி கட்டியைப் பைப்பின் வாயில் வைத்தார். போகவில்லை. பைப்பு நாலு அங்குலம். கட்டி என் விரித்த கை அளவு.

“திருப்பிப் போட்டுப் பாருங்க மேஸ்திரி” என்றார் தையல்காரம்மா. திருப்பினார். “குறுக்கால வெச்சுப் பாருங்க.” வைத்தார். வாசலில் யாரோ சிரித்தார்கள்.

“அப்ப எடுக்கும்போது… உடைஞ்சு…”

“உடைஞ்சாச் சின்னதாகும் மேஸ்திரி. பெருசாகாது.”

நானும் என் வீட்டுக்காரியும் தையல்காரம்மாவும் அன்றைக்கு அங்கேதான் இருந்தோம். அந்தக் கட்டி அந்தப் பைப்புக்குள் எப்படிப் போயிருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தோம், கண்ணையும் சேர்த்துப் பொத்திவிட்டோம். சாக்குப் பை எதற்கு வந்தது என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது.

“இது அன்னைக்குச் சாயந்தரமே எனக்குத் தெரியும்ணே” என்றாள் என்னைப் பார்த்து. “வீட்டுல ஒரு துண்டுப் பைப்பு இருந்துச்சு, வெச்சுப் பாத்தேன். ஆனா அதைக் காட்டினா, வேற பைப்பு, வேற அளவுன்னு சொல்வாரு. இந்தப் பைப்பே வெளிய வரணும். அவர் கண்ணு முன்னால வரணும்.” பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பினாள். “கேட்டுல அன்னைக்கு நான் நின்ன இடத்துல நின்னு சொல்லுங்க.”

அவர் போய் நின்றார். வேறு வழி இல்லை, தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. என்னமோ முணுமுணுத்தார்.

“கேக்கலை” என்றார் தையல்காரம்மா.

“அவ மேல தப்பு இல்லை. வாட்டம் நான்தான் தப்பாப் போட்டேன்.”

“கட்டி?” என்றாள் அவள்.

“கட்டியும் நான்தான் கொண்டுவந்தேன்.”

“‘அவ’ன்னு சொல்லாதீங்க. என்னை மேஸ்திரின்னு சொல்லுங்க.”

அதை மட்டும் அவர் சொல்லவில்லை. மென்று முழுங்கிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் பின்னால் கத்தவும் இல்லை. கலவையில் இரண்டு கரண்டி எடுத்தாள். பைப்புத் துண்டை மதில்மேல் நிறுத்தினாள், அதன் வாயில் கட்டியை உட்கார வைத்தாள், சுற்றிப் பூசினாள். ஒரு நூல் பிசகாமல், டியூபை வைத்து மட்டம் பார்த்தே பூசினாள். மறுமுனையை நான் பிடித்தேன்.

“அவர் முடிஞ்சாரு. அடுத்து நீங்கண்ணே.”

“மூணு நாளாச் சட்டி தூக்கினேனே!”

“அது வேலை. பேசினதுக்கு? அன்னைக்குத் தெருவே கேக்கக் கத்தினீங்க. இனிமே இந்தக் கேட்டுல யார் நின்னாலும் இது என்னன்னு சொல்லணும். கேட்டாலும் சொல்லணும், கேக்காட்டியும் சொல்லணும். ஹால்ல நின்னு டீ குடிச்சுட்டுச் சிரிச்சீங்களே, அதையும் விடாமச் சொல்லணும்.”

சொல்லிக்கொண்டிருக்கிறேன். பால் போடுகிறவரிடம் சொன்னேன், தபால்காரரிடம் சொன்னேன், வழி கேட்டு நின்ற ஒரு கார்க்காரரிடமும் சொன்னேன். அவர் வழியையே மறந்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் வேலை முடிந்தது. புதுக் கழிப்பறையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாள். என்னைச் சேம்பர் பக்கம் நிற்க வைத்து எண்ணச் சொன்னாள். மூன்று எண்ணுவதற்குள் மொத்தமும் வந்து விழுந்தது. அன்று சாயந்தரம் மகள் பேத்தியோடு வந்து இறங்கினாள். இதுவரை ஒரு குபுகுபு இல்லை. கம்பியை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டேன்.

நேற்று மேஸ்திரியின் மனைவி வந்தார். பாவம், நல்ல மனுஷி. “போற இடத்துலெல்லாம் கட்டி மேஸ்திரின்னு கூப்பிடுறாங்களாம்ணே. ரெண்டு வேலை கையை விட்டுப் போயிடுச்சு. சாப்பாடே எறங்கலை அவருக்கு. அதைக் கொஞ்சம் எடுத்துடுங்களேன்” என்றார். பேத்தி வந்ததிலிருந்து எனக்கு எதற்கெடுத்தாலும் மனசு இளகிவிடுகிறது. ஆனால் கட்டி என்னுடையது இல்லையே. கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

இன்று காலை பைப்பக்கா குழந்தையைப் பார்க்க வந்தாள். கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மடியில் வாங்கிக்கொண்டாள். என் பேத்தி அவள் கட்டைவிரலை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு கொட்டாவி விட்டாள். நல்ல நேரம் என்று நினைத்து மெதுவாக ஆரம்பித்தேன்.

“மேஸ்திரி வீட்டம்மா வந்தாங்கம்மா. பதினாறு நாள் ஆச்சு. தெரு பூரா பாத்தாச்சு. உளி என்கிட்ட இருக்கு, மதில்லேர்ந்து எடுத்துடலாமா?”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கக்கூட இல்லை. குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“என் வீட்டுல பதினோரு வருஷம் இருந்துச்சுண்ணே. இவளுக்குப் பதினொண்ணு முடியட்டும். உளிய இவ கையில குடுங்க, இவளே எடுத்துப் போடட்டும்.”